ஒரு சாண் வலப்பக்கம்

மைதானத்துக் கதவைத் திறந்ததும் விளையாட்டு ஆசிரியை கிளாடிஸ் மிஸ் முதலில் செய்வது, கோடு போட வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கீழே விடுவதுதான். தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் விசில். முத்தையாபுரம் போகிற சாலையில் இருக்கும் அந்த மகளிர் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷத்தில் இதைப் பார்க்காதவர் இல்லை. காவலாளி செல்லப்பாண்டி, முதல் வருஷம் முழுக்க மிஸ் மூக்குப்பொடி போடுகிறவர் என்றே நம்பியிருந்தார்.

கிளாடிஸின் அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். அந்த வீட்டில் காற்றைக் கேட்காமல் துணிகூடக் காயப்போட மாட்டார்கள். மகள் வளர்ந்த வளர்த்திக்குப் பள்ளிக்கூடத்திலேயே கையில் கூடைப்பந்தைக் கொடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சரி என்றார்கள். எழுந்து நின்றதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்த்த இனிகோ மட்டும், இனிமேல் பல்பு மாற்ற ஸ்டூல் தேட வேண்டாம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

கல்லூரியில் இருந்தது திறந்தவெளிச் சிமெண்டுத் தரை. மேற்கே மறைப்பு எதுவும் கிடையாது. வடக்கு வளையம் துருப்பிடித்து விழுந்த பிறகு தெற்கு வளையம் ஒன்றுதான் மிச்சம்; இரண்டு அணியும் அதிலேயே எறிய வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது, வளையத்தைப் பார்த்து எறிந்த பந்து இடப்பக்கமாக நழுவிப் போகும். அதனால் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி எறியப் பழக்கினார் கிளாடிஸ். அந்தக் காற்றில் அவர் பிள்ளைகளை எந்தக் கல்லூரியும் வந்து ஜெயித்ததில்லை.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது புதிதாக வந்த செயலருக்கு அந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. கல்லூரிப் பேருந்துகள் வெயிலில் நிற்கின்றன, அங்கே கொட்டகை போடலாம் என்றார். கிளாடிஸ் மன்றாடிய பிறகு ஒரு தவணை கொடுத்தார். ஆகஸ்டில் கோயம்புத்தூரில் நடக்கும் கல்லூரிகள் போட்டியில் அரையிறுதிக்குப் போனால் மைதானம் இருக்கும். இல்லையென்றால் கொட்டகை.

கோயம்புத்தூரில் உள்ளரங்கம். மரத்தரை கண்ணாடி மாதிரி மின்னியது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். முதல் ஆட்டத்தில் எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் வலப்பக்கமாகவே போய் விழுந்தது. பாதி ஆட்டத்தில் கிளாடிஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, ரிங்கு அங்கன இருக்கு. நீங்க எவ கல்யாண வீட்டுக்கு எறியுதிய?"

விளாத்திகுளத்திலிருந்து வந்த கேப்டன் சுடலைச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க சரியாத்தான் எறியுதோம் மிஸ். இங்கன காத்துதான் இல்ல."

கிளாடிஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காற்று அடிக்கிறதா என்று தினமும் பார்த்தவர், அடிக்காத இடத்துக்குப் போகிறோமே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது விளையாட்டையா, அந்த ஒரு மைதானத்தையா? இருபத்தாறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

அவர்கள் பிரிவில் இருந்த மூன்றாவது அணி, போட்டியை நடத்திய உள்ளூர்க் கல்லூரி. அவர்களும் முதல் ஆட்டத்தில் அதே அணியிடம் தோற்றிருந்தார்கள்; பிரிவுக்கு இரண்டு அணி அரையிறுதிக்குப் போகலாம். மறுநாள் இருவரும் மோத வேண்டும். ஜெயிப்பவருக்கு அரையிறுதி, தோற்பவருக்கு வீடு. உள்ளூர் அணியின் பயிற்சியாளர் விஜயராஜ் அவராகவே வந்தார்.

"ஏனுங்க மேடம், அத்தனை பிள்ளைங்களும் ஒரே மாதிரி தப்புப் பண்ணி நான் பாத்ததே இல்லைங்க. ஒரே பக்கம், ஒரே சாண். அருமையா பழக்கியிருக்கீங்க."

கிளாடிஸ் கச்சானைப் பற்றிச் சொன்னதும் மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, காலையில் ஒரு மணி நேரம் அரங்கம் கிடைக்குமா என்று கேட்டார் கிளாடிஸ்.

"நாளைக்கு உங்களுக்கு எங்களோடதானுங்க ஆட்டம்."

"அதனாலதான் கேக்க நாக்கு வரமாட்டேங்கு, அண்ணாச்சி."

விஜயராஜ் அரங்கத்துச் சாவியை எடுத்து நீட்டினார். "ஒரு வருஷம் எங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வருவேனுங்க. அந்தக் காத்துல ஒரு மணி நேரம் எங்களையும் விளையாட விடோணும்."

"அது என்ன எங்க வீட்டுச் சொத்தா? வாங்க."

விடிந்ததும் கிளாடிஸ் பிள்ளைகளின் கைப்பழக்கத்தை மாற்றப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அது நடக்காது. வளையத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் இன்னொரு வளையம் இருப்பதாக நினைத்து அதற்கு எறியுங்கள் என்றார். கை தானாக வலப்பக்கம் தள்ளியது. முதல் இருபது பந்து வீண். பிறகு வேல்விழி என்ற பிள்ளை எறிந்தது வளையத்துக்குள் விழுந்தது. அடுத்து இன்னொருத்தி. சற்று நேரத்தில் கிளாடிஸே ஓடி ஓடிப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று கடைசி நிமிஷத்தில் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. சுடலைச்செல்வி, இல்லாத வளையத்தை முறைத்துப் பார்த்து எறிந்தாள். பந்து இருக்கிற வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. செல்லப்பாண்டிக்குப் போன் போட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில், அவருக்கு யார் ஜெயித்தார்கள் என்பது இரண்டாவது போனில்தான் புரிந்தது. அரையிறுதியில் முப்பது புள்ளியில் தோற்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செயலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேருந்துகளுக்கு வேப்பமரத்தடி கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஆடி மாதத்தில், விஜயராஜ் சொன்னபடியே பன்னிரண்டு பிள்ளைகளோடு ரயிலில் வந்து இறங்கினார். கிளாடிஸ் வீட்டில் எல்லாருக்கும் மீன்குழம்புச் சாப்பாடு. மைதானத்துக்குப் போனால் ஒரு இலை அசையவில்லை. முந்தின நாள்வரை தகரத்தைப் பிய்த்த கச்சான் அன்றைக்குப் பார்த்து ஓய்ந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் நிதானமாக விளையாடி இருபது புள்ளியில் ஜெயித்தார்கள். கிளாடிஸ் மேற்கே பார்த்துத் திட்டியதைக் கேட்டு இரண்டு அணியும் சிரித்தன. இனிகோ தன் பங்குக்கு ஊதிக் காட்டினார்.

ரயில் ஏறும்போது விஜயராஜ் சொன்னார்: "ஜெயிச்சது இருக்கட்டுங்க மேடம். இது கணக்குல சேராது."

"சேராதுதான், அண்ணாச்சி," என்றார் கிளாடிஸ்.

அடுத்த மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். மைதானம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்குத் தர வேண்டிய ஒரு மணி நேரக் காற்று இன்னும் பாக்கி.