மெதுவாகக் கற்ற கண்ணாடி

எங்கள் ஆய்வகத்துக்கு அருகே மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு லேசர் புள்ளி ஓரிடத்தில் நிற்க மறுத்தது. ரயில் போவது காதுக்குக் கேட்காது. ஆனால் மேசையின் மறுகோடியில், கேமராவில் விழும் சிவப்புப் புள்ளி நடுங்கும். அதை நிறுத்துவதுதான் என் முனைவர் பட்ட வேலை. லேசரின் வழியில், ஒளியைத் திருப்பிவிட ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. புள்ளி விலகும் பக்கத்துக்கு எதிராக அது சாய வேண்டும். நடுக்கம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், எவ்வளவு சாய்வது என்பதைப் புரோகிராம் தானே கற்றுக்கொள்ள வேண்டும்.

என்னோடு அந்த மேசையில் ஆய்வு செய்தவள் ஊருக்குள்ளேயே காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயில் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் லேசரைப் போட்டு வைத்திருப்பாள். "நின்னுகினே வந்தியா? உக்காரு முதல்ல" என்பாள்.

நாலு வருடத்தில் எங்களுக்குள் ஒரே விஷயத்தில்தான் சண்டை. புரோகிராம் வேகமாகக் கற்க வேண்டும் என்பது என் கட்சி. வேகத்தைக் கூட்டினால் கண்ணாடி கீச்சென்று கத்தும், புள்ளி திரையை விட்டே ஓடிவிடும்.

"மெதுவா கத்துக்கட்டும் டீ. பத்து ட்ரெய்ன் போனா அதுக்கே புரியும்" என்றாள் ஒருநாள்.

"அதுவரைக்கும் யாரு உக்காந்துனு இருக்கறது? நீ வேற வேல பாத்துக்கின, உனக்கு இன்னா" என்று ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாததால்தான் படிப்பை விட்டுப் போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் குனிந்து லேசரை அணைத்தாள். அந்த வாரக் கடைசியில் போய்விட்டாள்.

மூன்று வாரம் தோற்ற பிறகு, அவள் சொன்ன வேகத்தையே போட்டுக் காத்திருந்தேன். ஏழாவது ரயிலில் நடுக்கம் குறைந்தது. பதினோராவது ரயில் போனபோது புள்ளி அசையவே இல்லை. சொல்வதற்குப் பக்கத்தில் திரும்பினேன். காலி நாற்காலி. போன் செய்தேன்.

"நின்னுடுச்சு டீ."

"நெஜமாவா! எத்தினி ட்ரெய்ன்?"

"பதினொன்னு."

ஆபீஸ் வண்டியில் இருந்தாள். ஹார்ன் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தது கேட்டது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், "மீட்டிங் கால் வருது, சனிக்கெழம வா" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. கூச்சம். பிறகு அவளுக்கு ஒழியவில்லை. ஆய்வுக் கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. ஒரே ஊரில் வேலை செய்தும் ஒன்றரை வருடம் கழித்து, அவள் அப்பா இறந்த வீட்டில்தான் பார்த்தோம்.

"அன்னிக்கு நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"ரொம்ப வலிச்சுது டீ" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் யாரோ உறவினர் வர, எழுந்து போனாள்.

இப்போது புதிய, பெரிய கண்ணாடி வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்பவர்கள் நல்லவர்கள், நான் சொல்வதை மறுத்துப் பேசுவதே இல்லை. யாராவது ஒருமுறை, "இல்ல டீ, இது தப்பு" என்று சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது.