பாட்டுப் பரீட்சையும் வலது காதும்

நான் வேலை செய்யும் குவார்ட்டர்ஸ் வீட்டுப் பெண் பதினொன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாட்டையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அதற்குப் பரீட்சையில் இரண்டு பகுதி. ஒன்று, வெளியிலிருந்து வரும் டீச்சர் எதிரில் பாடிக் காட்டுவது. இன்னொன்று, அவர்கள் போடும் பாட்டைக் கேட்டு என்ன ராகம், என்ன தாளம் என்று சொல்வது.

ஆள் எதிரில் இருந்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் சாயந்திரம் பாத்திரம் கழுவி முடித்ததும் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பாள். எனக்கோ அடுத்தவர் முகம் பார்த்துப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"ஆயா, பரீட்சைக்கு வர்ற மேடம் டைல்ஸ் எண்ண மாட்டாங்க. என்னைத்தான் முறைப்பாங்க. கொஞ்சம் முறைங்க."

"எனக்கு மொறைக்க வராது பாப்பா."

"அப்ப நான் ஃபெயில்தான் போங்க" என்று சிரிப்பாள்.

பாடி முடித்ததும் டீச்சர் அனுப்பிய துண்டுப் பாட்டுகளை செல்போனில் நான் போட வேண்டும். ஐந்தாவது வரை படித்தவள்தானே நான், ஒன்று இரண்டு என்று நம்பர் பார்த்து அமுக்குவேன். ஒருநாள் போனை அவளுக்கு வலது பக்கம் இருந்த ஜன்னல் பக்கம் வைத்தேன். வரிசையாகத் தப்பாகச் சொன்னாள். மேசையைத் துடைக்கும்போது போன் அவளுக்கு இடது பக்கம் போனது. அதே பாட்டுகளைச் சரியாகச் சொன்னாள். ஜன்னல் பக்கம் மறுபடி வைத்தபோது முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள்.

எனக்குப் பகீரென்றது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலையில் வருஷக்கணக்காக மெஷின் பக்கத்தில் நின்றவர். காது போன பிறகு இப்படித்தான் முகத்தைத் திருப்புவார்.

"பாப்பா, வலது காது கேக்கலியா?"

அவள் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சளி பிடிச்சதுலேருந்து அடைச்சிருக்கு ஆயா. அம்மாகிட்ட சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட போனா பாடவே கூடாதும்பாங்க. இந்தப் பாடத்தை எதுக்கு எடுத்தேன்னு அப்பா ஏற்கனவே திட்டுறாங்க. பரீட்சைக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"காது வெளயாட்டு இல்ல பாப்பா. எங்க வூட்ல பாத்துகினுதான இருந்தேன்."

"பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே நானே சொல்லிடுறேன். சத்தியமா."

கையை நீட்டினாள். நானும் கையைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு போனை இடது பக்கமே வைத்தேன். ஒரு வாரம் போனது. துவைக்க எடுத்த தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. மோந்து பார்த்தேன், சீழ் நாற்றம். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளோ பயம் விட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டு முழுக்கப் பாடியிருந்தாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அவள் அம்மா கண்ணில் படுமுன் உறையைத் தனியாக அலசிக் காயப்போட்டேன். அப்படி மூன்று தடவை செய்தேன்.

பரீட்சையில் நன்றாகப் பாடினாளாம். கேட்டுச் சொல்வதில்தான் பாதிக்கு மேல் தப்பு. சொன்ன சொல்படி அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியும் விட்டாள். செவிப்பறையில் ஓட்டை, ஆபரேஷன் செய்தாலும் முழுசாகக் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

மறுநாள் அந்தம்மா அடுப்படிக்கு வந்து நின்றார்கள்.

"சீழ் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதுன்னு டாக்டர் திட்டுறாரு. தினம் எதிர்லயே உக்காந்திருந்தீங்களே ஆயா, உங்களுக்குக்கூடத் தெரியலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருந்த பெண், "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள்.

நான் அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அந்தம்மாவே, "அவங்க பாவம், என்ன கண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் ஆபரேஷன். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், நம்பிக்கையான ஆளாம். போவதற்கு முன் அந்தம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். தினமும் அந்த நினைப்போடுதான் படியேறுகிறேன். அவர்கள் காபியைக் கையில் கொடுத்ததும் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.