அப்பா வாசித்த பாதுகாப்பு ஒப்பந்தம்

டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று தினசரியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார் அப்பா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பின் வாசலில் இருந்தது அந்தக் கடை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி டீ குடிப்பார்கள். நான் பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்த காலம் அது. ரயிலைப் பிடிக்க அந்த வழியாகத்தான் நடப்பேன். நாலு பேர் கூடினால் ஓரமாக நகர்ந்துவிடும் மனிதர் பெஞ்சின் மேல் நிற்பதைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார். "படிக்கிறேன், கேட்டுக்குங்க" என்று தலைப்பை உரக்க வாசித்தார்: "முதலீடு, பாதுகாப்பு: ஐரோப்பிய நாட்டுடன் ஒப்பந்தம்."

எங்கள் குடியிருப்பில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பேச்சில் எல்லோரும் 'டிஃபன்ஸ்' என்பார்கள். பேப்பரில் அது பாதுகாப்பு என்று வரும். பாதுகாப்பு அமைச்சர், பாதுகாப்பு பட்ஜெட், பாதுகாப்புத் தளவாடம் என்று எங்கே அந்தச் சொல்லைக் கண்டாலும் எங்கள் ஆட்கள் அந்தப் பத்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது அவர்கள் சோறு. அந்த வருஷங்களில் ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்று, மெஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் முதலீடு என்றும் பாதுகாப்பு என்றும் ஒரே தலைப்பில் வந்தால் மனிதர் என்னதான் செய்வார்! "முதலீடுன்னா புது மெஷின் வருதுன்னு அர்த்தம். பாதுகாப்புன்னா அது நமக்குத்தான்" என்று அப்பா விளக்கமும் சொன்னார். மாலையில் அம்மா கேசரி கிளறினாள். எதிர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

செய்தியின் உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒருவர் இன்னொருவர் நாட்டில் போடும் முதலுக்கு அந்தந்த அரசு பாதுகாப்புத் தரும் என்பதுதான் விஷயம். மெஷினும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. அப்பாவுக்கு ஒரு பட்டப் பெயர்தான் வந்தது. "இன்னா அண்ணாத்தே, ஒப்பந்தம் எத்தினி மணி ரயிலுக்கு வருது?" என்று தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போதெல்லாம் எவனாவது கேட்பான். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்கூட "நம்ம ஒப்பந்தம் சார்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். அப்பா கோபித்துக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் அந்த மாலையை வாங்கி வீசிவிடலாம் போலிருந்தது.

குடியிருப்பைக் காலி செய்துவிட்டுக் கள்ளிக்குப்பத்தில் கட்டியிருந்த சின்ன வீட்டுக்குப் போனோம். அப்பாவோடு ஊர் ஊராக மாற்றலாகி வாடகையிலும் குவார்ட்டர்ஸிலுமே வாழ்ந்த அம்மா, "இனிமே என்னைப் பொணமாத்தான் இந்த ஊட்டுலேந்து தூக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய சந்தோஷமெல்லாம் பின்பக்கத்துக் கிணற்றில் இருந்தது. இனிப்பான தண்ணீர். பருப்பு அதில் மலர்ந்து வேகும். அடுத்த மனையில் மாடு வைத்திருந்த பால்காரர், அந்தப் பக்கத்துப் பழைய குடும்பத்துக்காரர், வெயில் காலத்தில் தன் மாடுகளுக்கும் எங்கள் கிணற்றிலிருந்துதான் சேந்திக்கொண்டு போவார்.

பால்காரர் மனைக்கு அப்பால் ஓர் ஐரோப்பிய நாட்டுக் கம்பெனி தொழிற்சாலை கட்டியது. உலோகத்துக்குப் பூச்சுப் போடுகிற வேலை என்றார்கள். திறந்த வருஷத்துக்குள்ளேயே கிணற்று வாளியின் உள்பக்கம் மஞ்சள் படிந்தது. பிறகு தண்ணீரே நாக்கில் துருவாகக் கரித்தது. அம்மாவின் கைகளில் தோல் வெடித்து உரிந்தது. பால்காரரின் மாடு ஒன்று மாதம் நிறையும் முன்பே கன்று வீசியது. "நைனா, ஒங்க தண்ணிய மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கினு பூடுது. நீங்க இன்னாத்துக்கு அத்தைக் குடிச்சிகினு கீறீங்க?" என்றார். கம்பெனியின் கழிவுநீர்க் குழாயை மூடினால்தான் கிணறு தேறும், கிணறு தேறினால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

அப்பாவுக்கு இதில் துளி சந்தேகமும் இருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் சர்க்கார் உப்பைத் தின்றவர். "கவர்ன்மென்ட் நெனச்சா முடியாததா?" என்பதுதான் அவருடைய வேத வாக்கு. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனுக் கொடுத்தார், திரும்பத் திரும்பப் போய் நின்றார். அவர் நம்பியபடியே நடக்கவும் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓர் அதிகாரி வந்தார், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார், சோதனை செய்தார், குழாயை அடைக்கச் சொல்லி உத்தரவும் போட்டார். அரக்கு உருக்கிச் சீல் வைப்பதை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்று பார்த்தார். மழை பெய்து கிணறு கொஞ்சம் தெளிந்தது. அம்மா ஒரு நாள் அதில் பருப்பு வேகவைத்துப் பார்த்தாள், வெந்தது.

பிறகு ஒரு காலையில் சீல் இல்லை. குழாயில் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிகாரி தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, நல்ல மனிதர். அம்மா பழக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார், குடிக்கவில்லை. "மேலேருந்து உத்தரவை வாபஸ் வாங்கச் சொல்லிட்டாங்க சார்" என்றார். "கம்பெனிக்காரங்க நாட்டோட நம்ம நாடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கு. நாம குழாயை மூடினா அவங்க முதலுக்கு நஷ்டம்னு சொல்லி நம்ம சர்க்கார் மேலயே கேஸ் போடுவாங்களாம்."

பாதுகாப்பு ஒப்பந்தம் என்றதும் அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கோர்ட்ல?" என்று கேட்டார்.

"கோர்ட் இல்ல சார். வெளிநாட்டுல மூணு பேர் உக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்க. நம்ம ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் எதுவும் அதுல கேள்வி கேக்க முடியாது."

"சரி. எங்க கிணறு போச்சுன்னு நான் அங்க போய்ச் சொல்லலாமா?"

"முடியாது சார். கம்பெனிதான் கேஸ் போடலாம். நாம போட முடியாது."

"சர்க்கார்?"

"சர்க்காரும் போட முடியாது. பதில்தான் சொல்லலாம்."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் எங்கள் வக்கீலிடம் இதைச் சொன்னபோது, அதிகாரி சொன்னது சரிதான் என்றார். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன்மேல் வெளியூர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுக்கலாம், தெருக்காரன் வாயைத் திறக்கக் கூடாது, அப்படி ஓர் ஏற்பாடு என்று விளக்கினார். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இங்கே கடிக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை. கேஸ் கடைசிவரை போடப்படவே இல்லை; போடுவோம் என்று சொன்னதே போதுமாக இருந்தது.

பால்காரருக்கு நான்தான் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. "சர்க்கார் மேலயே கேசா? அவனுக்கு இன்னா தெகிரியம்!" என்றார். பிறகு, "சர்க்காரே பயந்துகினு கீதுன்னா நம்ம கெணறு இன்னா பண்ணும் பாவம்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த வருஷம் ஒவ்வொன்றாக மாடுகளை விற்றுவிட்டார்.

அப்பா கத்துவார், அழுவார், யாரையாவது திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. கொத்தனாரை வரவழைத்துக் கிணற்றின் மேல் காங்கிரீட் பலகை போட்டார். தினசரியை நிறுத்தச் சொன்னார். காலையில் எழுந்து, பல் தேய்த்து, தண்ணீர் லாரிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்றார். நாடு காக்கும் வண்டிகளுக்கு லேத்தில் பாகம் கடைந்து கொடுத்த கை அது. அந்தக் கையில் பிளாஸ்டிக் குடத்தைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போன காலை மடக்கி நீட்டுவதுபோல் நாட்கள் போயின. அம்மாவும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டபடி அந்த வீட்டிலிருந்துதான் அவளைத் தூக்கிப் போனோம். நான் அங்கேதான் இருக்கிறேன், கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். முதலீட்டாளர் மாநாடு என்று டிவியில் காட்டும்போது கோபம் வருகிறதா என்று என்னையே உற்றுப் பார்ப்பேன். வருவதில்லை. எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் எழுத வைத்தது தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. அப்பாவும் நானும் லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்றிருந்தோம். பால்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். "நைனா! கம்பெனிக்காரன் பூட்டிகினு பூட்டான்! கேட்டுல பூட்டு தொங்குது, மெஷினெல்லாம் நேத்தே லாரில ஏத்திட்டானாம்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஏதோ அசைந்தது.

"யார் மூடினாங்க? சர்க்காரா?" என்றார்.

"சர்க்காரா? அவங்களுக்கே இன்னிக்கிதான் தெரியுமாம். வேற நாட்டுல கூலி கம்மியாம் நைனா. அவனேதான் மூடிகினான்."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வரிசை நகருது பாரு, குடத்தை எடு" என்றார்.