பயமறியாத வெள்ளைக்குட்டிகள்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் றிச்சர்ட்டுக்கு, நீலக்கண் வெள்ளைப்பூனை என்றால் பைத்தியம். ஒரு நத்தார் பண்டிகைக்கு வெடி கொளுத்தியபோது மற்றப் பூனைகளெல்லாம் கூரைக்கு ஓட, ஒரு வெள்ளைக்குட்டி மட்டும் அசையாமல் படுத்திருந்தது. அன்று பிடித்த பைத்தியம் அது.

"இதாங்க தைரியம்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்தத் தைரியம் கலந்து கெட்டுவிடக் கூடாதென்று அதன் குட்டிகளைத் தங்களுக்குள்ளேயே சேரவிட்டார். வரிபோட்டுப் பிறந்தவற்றைச் சாக்கில் கொண்டுபோய்த் தேயிலைக்குள் விட்டுவிடுவார். அப்படி விட்டதில் ஒன்று பிழைத்துத் திரும்பி, அவர் குடியிருந்த லயத்து வீட்டு வாசலிலேயே திரிந்தது.

நேற்றுக் காலை, வாசலில் நின்ற லொறியைப் பின்னுக்கு எடுக்குமுன் ஹோன் அடித்தார். வரிப்பூனை ஒரே பாய்ச்சலில் படியேறிவிட்டது. பின்சக்கரத்தருகே வெயில் காய்ந்த வெள்ளைத் தாய்ப்பூனை தலையைக்கூடத் தூக்கவில்லை.

சக்கரத்தில் நசுங்கிக் கிடந்ததை மனைவி ஷிராணி பழைய சேலையில் சுற்றினாள்.

"ஹோன் அடிச்சேனே!"

"கேட்டாத்தானேங்க ஓடும்" என்றாள்.

றிச்சர்ட் உள்ளே போய், தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த வெள்ளைக்குட்டியின் பின்னால் நின்று கைதட்டினார். சட்டிமூடியைத் தரையில் போட்டார். குட்டி திரும்பவில்லை.

அப்போது போன் அடித்தது. குட்டிக்குச் சொல்லிவைத்திருந்த நுவரெலியாக்காரர்.

"வீட்ல புள்ளைங்க சத்தம் போடுவாங்க. குட்டி பயந்துக்காதுல்ல?"

றிச்சர்ட் தரையில் கிடந்த சட்டிமூடியைக் குனிந்து எடுத்தார்.

"ஒண்ணுக்கும் பயப்படாதுங்க" என்றார்.