வேர்த்த இரும்பு

கூடலூரில் ஜீப்புக்காக நின்றிருந்தேன். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. கடைவீதி கண் முன்னே கரைந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. தேனியிலிருந்து வந்த டிரைவர் என்னைக் கண்டதும் தலையை வெளியே நீட்டினார். "உங்க பவுண்டரி அண்ணாச்சி காலையில தவறிட்டாக. தெரியாதா? இங்கன நிக்கிறீக?" நான் மழையைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

சாமுவேல் அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கூட்டாக நடத்திய சின்னப் பட்டறையில் இரும்பை உருக்கி, கிணற்றுப் பம்புகளுக்குக் கூடு வார்த்தோம். உலை அவர் பொறுப்பு. ஊர் சுற்றி ஆர்டர் பிடிப்பதும் வசவு வாங்குவதும் என் பொறுப்பு.

சாரல் நாளில் அவர் உலை மூட்ட மாட்டார். வாசலில் நின்று காற்றை முகர்ந்து பார்ப்பார். மேற்கேயிருந்து ஈர வாடை வந்தால் போச்சு, அன்றைக்கு வேலை இல்லை. "என்ன அண்ணாச்சி, இரும்புக்குச் சளி பிடிச்சிருமோ?" என்று கேலி செய்வேன்.

"தாகம் எடுக்கும் தம்பி" என்பார், கனவில் பேசுகிறவர் மாதிரி. "உருகுன இரும்பு ஈரத்தக் கண்டா விடாது. அதுல இருக்க வாயுவக் குடிச்சு வயித்துக்குள்ள வச்சுக்கிரும். உறையும்போது வச்சுக்க முடியாம வெளிய தள்ளப் பாக்கும். வழி கெடைக்காத வாயு அங்கனயே புரையா நின்னுபோகும்." புரை என்றால் ஊசிமுனைத் துளைகள். மேல்தோல் வழவழவென்றுதான் இருக்கும், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. ஈர மணல், ஈரக் கரி, இரும்பை ஊற்றுகிற காயாத கரண்டி, எல்லாம் அவருக்குப் பகையாளிகள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு முறை சாரலில் ஊற்றினார். ஓடைப்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் வந்து நின்றார். கணவர் இல்லை. ஒரு திராட்சைப் பந்தல்தான் பிழைப்பு. பழைய பம்பு வெடித்துப் போயிருந்தது. "உங்க ஊருக்குச் சாரல் அடிக்குது அண்ணாச்சி. எங்களுக்கு வெறுங்காத்துதான் வருது. பிஞ்செல்லாம் கருகுது" என்றார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், உலையை மூட்டச் சொல்லிவிட்டார்.

கரண்டியை நெருப்பில் வாட்டி வாட்டிக் காயவைத்தார். ஊற்றும்போது மணலிலிருந்து எழுந்த ஆவி எல்லோரையும் மறைத்துவிட்டது. இரும்பின் வெளிச்சம் மட்டும் மிதந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "ஆண்டவரே, இதக் குடிக்க விடாதேயும்."

பிஞ்சுகள் பிழைத்தன. ஆனால் கொஞ்ச நாளிலேயே, பம்பு வேர்க்கிறது என்று சேதி வந்தது. அண்ணாச்சி வெயில் நாளில் வார்த்த வேறொரு கூட்டைத் தூக்கிக்கொண்டார். இருவரும் ஓடைப்பட்டிக்குப் போனோம். மோட்டார் ரூமில் சாரலில் வார்த்த கூடு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். "ஆத்தா பம்புல எறங்கிட்டா" என்று பேச்சியம்மாள் கும்பிட்டார்.

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, என் தப்புக்கு மாலை போட்டிருக்காக" என்றார் என் காதோடு. புரை வழியே கசிகிற தண்ணீர்தான் அது; அந்தப் புரை என்றைக்கு வேண்டுமானாலும் விரிசலாகலாம். காய் திரளுகிற நேரத்தில் பம்பு நின்றால் பந்தல் போய்விடும். அண்ணாச்சி ஸ்பானரை எடுத்ததும் பேச்சியம்மாள் குறுக்கே வந்து நின்றார். "அவ மேல கை வச்சா என் குடும்பம் வெளங்குமா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது சாமியுமில்லை பூதமுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆத்தாவுக்கு வேர்க்குதும்மா" என்றார் மெதுவாக. "பாவம், எம்புட்டு நாளைக்குத்தான் தண்ணி எறைப்பா? எறக்கி உக்கார வைங்க. வேலைய இந்தப் பய பாக்கட்டும்" என்று கொண்டுபோன கூட்டைத் தட்டிக் காட்டினார்.

பேச்சியம்மாள் பம்பைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு தாமே மாலையைக் கழற்றி வழிவிட்டார். பழைய கூடு கிணற்றோரத்து வேம்படியில் போய் உட்கார்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "பொய் சொல்லிட்டேனா தம்பி?" என்று கேட்டார்.

"வேர்த்தது நெசந்தானே அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்றைக்குக் கூடலூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி வீட்டில் ஜெபம் முடிந்திருந்தது. வாசலில் பேச்சியம்மாள் நனைந்துபோய் நின்றிருந்தார். கையில் செவ்வந்தி மாலை. "வேம்படி ஆத்தா கழுத்துல கெடந்தது. அண்ணாச்சிக்குப் போடலாமா?" என்றார். சபைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் மதினி தலை நிமிர்ந்தார்.

"போடுங்கம்மா. அவுக வார்த்த ஆத்தாதானே."

நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த ஆத்தா யாரென்று அண்ணாச்சியைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி உலை என் பொறுப்பு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: சாரல் விழுந்தால் மூட்ட மாட்டேன். பிஞ்சு கருகுது என்று யாராவது வந்து நின்றால், மூட்டிவிடுவேன்.