ஓர் அண்டா, இரண்டு துறைகள்

நன்னடத்தை அலுவலர் வேலையில் ஒரு வசதி உண்டு: நடத்தை எப்போதும் அடுத்தவருடையது, விளக்கக் கடிதம் மட்டும்தான் நம்முடையது.

ஒரே காரியத்துக்கு இரண்டு மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியவர்களே, ஒரு சான்றிதழுக்காக இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருப்புத் தேய நடந்தவர்களே, உங்களை என் சொந்தக்காரர்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் கதை இது. தப்புச் செய்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்றால் அவன் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொந்தம், அதாவது எனக்கு. நிரம்பிவிட்டால் சிறைத்துறையின் நன்னடத்தைப் பிரிவுக்கு. அதாவது தெய்வானை மேடத்துக்கு. எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள வேலி ஒரு பிறந்தநாள். வேலிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டு காது

கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஏறிக் குதித்து, அண்ணனும் தம்பியும் ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கினார்கள். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா. தனி ஆள் அசைக்க முடியாது. ஒரு காதை அண்ணன் பிடித்தான், மறு காதைத் தம்பி. மத்தியான வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும் என்று கணக்குப் போட்டது சரிதான். ஆனால் முக்குத் திரும்பும்போது அண்டா சுவரில் இடித்து, தேர் கிளம்பும் மணி போலச் சத்தம் போட்டுவிட்டது. படுத்திருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தம்பிக்குப் பதினேழு. ஆகவே அண்ணன் காரைக்குடி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனான். தம்பி சிவகங்கையில் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வந்தான். ஆட்களைப் பிரித்தாகிவிட்டது. அண்டாவை எங்கே காட்டுவது என்று தெரியாமல் நானும் தெய்வானை மேடமும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றோம். ஏட்டையா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஒரு காதை எடுத்துக்கங்க சார், அந்தம்மா ஒரு காதை எடுத்துக்கிறட்டும். நடு அண்டா இங்கனயே இருக்கட்டும், ஸ்டேஷனுக்குத் தண்ணி புடிக்க ஆகும்."

முரண்பாடு

தம்பியின் பெயரை நான் சொல்லக் கூடாது, சட்டம் தடுக்கிறது. அண்ணன் பெயரைச் சொல்லத் தடை இல்லை. ஆனால் அதைச் சொன்னால் தம்பி யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே வயதில் மூத்தவனுக்குச் சட்டம் தராத மரியாதையை நான் தருகிறேன். அவர்களுடைய அம்மாவும் அம்மா மட்டும்தான். காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடத்தில் தேன்குழல் பிழிகிறவர். அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனார், போனதோடு சரி.

திருடன் என்றோ குற்றவாளி என்றோ என் துறையில் யாரையும் எழுத முடியாது. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றுதான் எழுத வேண்டும். நல்ல நோக்கம், சுமாரான தமிழ். ஏதோ பிள்ளை சட்டத்தைப் படித்துப் பார்த்து, மூன்றாவது பத்தியில் எனக்கு உடன்பாடில்லை என்று கிளம்பிப் போனதுபோல ஒலிக்கும். முதல் நாள் விசாரணையில் அதைத் தம்பிக்கு விளக்கினேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சீட் வாங்குவது ஒன்றே அவன் குறி. அந்த வருஷம் விட்டால் அம்மாவால் இன்னொரு வருஷம் தாங்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் எப்ப சார் சட்டத்தோட முரண்பட்டேன்? அதோட எனக்குப் பழக்கமே இல்லையே."

ஓர் அறையில் இரண்டு ஆணை

இருவருக்கும் நல்ல தீர்ப்புத்தான் வந்தது. தம்பியை அம்மாவின் பொறுப்பில் விட்டார்கள். நிபந்தனை, குற்றத்தில் கூட்டாக இருந்தவரோடு சேரக் கூடாது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், வயதையும் முதல் தப்பையும் பார்த்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நிபந்தனை, அம்மா வீட்டில்தான் தங்கியிருக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் குறையில்லாத ஆணைகள். சேர்த்துப் படிக்க வேண்டியது யார் வேலை என்று எந்த விதியிலும் எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கோவிலூர் போகிற வழியில் அவர்கள் வீடு. வீடு என்றால் ஓர் அறை, பின்னால் ஒரு சாய்ப்பு. தம்பி நிபந்தனையை மீறினால் மிச்சக் காலத்தைத் தொலைவில் உள்ள சிறப்பு இல்லத்தில் கழிக்க வேண்டியிருக்கும், ஐ.டி.ஐ.யை மறந்துவிட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது அறைக்குக் குறுக்கே கொடி கட்டி ஒரு சேலை தொங்கியது. அம்மா இரண்டு பக்கமும் கை காட்டினார்: "இங்குட்டு ஒங்க பய, அங்குட்டு அந்தம்மா பய. நான் சேலைக்குக் கீழ தலைய வச்சுப் படுத்துக்கிறேன்."

முறைவாசல்

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் முக்கியம். நான் போகும் நாளில் அண்ணன் வெளியே போய்விடுவான். மேடம் வரும் நாளில் தம்பி. என் கண்ணில் அண்ணன் பட்டால் நான் எழுத வேண்டும், மேடத்தின் கண்ணில் தம்பி பட்டால் அவரும் கேட்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருவதற்கு முன் நானே தெருமுனையில் வண்டி ஹாரனை இரண்டு தடவை அடிப்பேன். மேடம் செருமுவார் என்று பிறகு தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "நீங்க வந்தா ஒருத்தன் ஓடுறான், அந்தம்மா வந்தா இன்னொருத்தன் ஓடுறான். ரெண்டு பேரும் சேந்து வந்தா அந்த வீட்ல ஆத்தாளத் தவிர ஆளே இருக்காது போல?"

மாமன் மடி

இது எத்தனை நாள் நடக்கும்? குழுமத்தில் கேட்டால் பொய் சொல்ல முடியாது. தம்பியை வேறு உறவினர் வீட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். அப்பா இல்லாத வீட்டுக்கு இந்தச் சீமையில் அடுத்த வாசல் எது என்று கேட்கவே வேண்டாம். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன்தான். இளையாத்தங்குடிப் பக்கம் விவசாயம், சொந்தமாக டிராக்டர், குடிப்பழக்கம் இல்லை. குழுமத்தில் அனுமதி வாங்கி, தம்பியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தேன். மாமன் மோர் கொடுத்தார். நல்ல மனிதரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே திருப்தி.

மேடத்திடம் சொல்லவில்லை. பிற துறையின் பையனைப் பற்றி அந்தத் துறையின் அலுவலரிடம் பேசுவது, அடுத்த வீட்டு அடுப்பைக் கிளறுவது மாதிரி. மேடமும் அதே மரியாதை தெரிந்தவர். அதே வாரம் அவரும் என்னிடம் சொல்லாமல் மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுமதி வாங்கி, அண்ணனை அவனுடைய தாய்மாமன் வீட்டுக்கு மாற்றிவிட்டார். அவர் கொண்டுபோய் விட்ட நேரத்தில் தம்பி வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தானாம். அடுத்து நான் பார்க்கப் போனபோது, வேப்பமரத்தடியில் அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கோவிலூர் வழியில் உள்ள வீட்டில் அம்மா தனியாக இருந்தார். மாமன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் சார் முழிக்கிறீக? நீங்க ஒருத்தனக் கொண்டாந்து விட்டீக, பின்னாடியே அந்தம்மா ஒருத்தனக் கொண்டாந்து விட்டாக. கவருமெண்டே ஒண்ணு சேத்து வைக்கிதுன்னுல்ல நெனச்சேன்."

டீக்கடை மாநாடு

அன்று சாயங்காலமே மேடத்தைக் காரைக்குடி கோர்ட்டுக்கு எதிரில் உள்ள டீக்கடைக்கு வரச் சொன்னேன். இரண்டு துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். ஒருவனைத் திருப்பி அனுப்பிவிட்டால் போதும் என்று பேச்சுத் தொடங்கியது. எவனை என்பதில் நின்றது. தம்பியை மாற்ற நான் மனுப் போட்டால், அண்ணனின் ஆணையைக் காட்டு என்பார்கள். அண்ணனை மாற்ற மேடம் மனுப் போட்டால், தம்பியின் ஆணையைக் காட்டு என்பார்கள். ஆனால் சிறாரின் ஆணையை வெளியில் கொடுக்கக் கூடாது. போதாக்குறைக்கு மாஜிஸ்ட்ரேட் விடுப்பில் இருந்தார்.

நாங்கள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தபோதே போலீஸ் வேலையைச் செய்துவிட்டது. தம்பி, கூட்டாளியோடு ஒரே வீட்டில் இருக்கிறான் என்று குழுமத்துக்கு அறிக்கை போயிருந்தது. தம்பி நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஆணை வந்திருப்பதாக என் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஐ.டி.ஐ. சீட்டு அந்த வாரம்தான் கிடைத்திருந்தது. மேடம் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நாம ரெண்டு பேரும் நல்லது செய்யாம சும்மா இருந்திருந்தா, அந்தம்மா சேலையக் கட்டியே சமாளிச்சிருப்பாங்க சார்."

அட்ரஸ்

விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் தம்பி மாமனோடு சிவகங்கைக்கு வந்தான். என்ன நடந்ததென்று நான் விளக்கத் தொடங்கியதும், எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். பிறகு மாமனிடம், மூத்தவன் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றார் மாமன். முந்தின நாள் காலையில் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினானாம், எங்கே என்று சொல்லவில்லையாம். நிபந்தனைக்கு இப்போது பங்கமில்லை என்று குழுமம் பதிவு செய்தது. தம்பிக்கு ஐ.டி.ஐ. நிலைத்தது. அவன் சந்தோஷப்படவில்லை.

அண்ணன் அம்மா வீட்டுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி அங்கே வருவான், யாராவது பார்த்தால் மறுபடி எழுதுவார்கள் என்று யோசித்திருக்கிறான். எங்கள் இரு துறைகளும் சேர்ந்து யோசித்ததைவிட இது அதிகம். பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் ஒன்றில் இலை எடுத்துக்கொண்டு அங்கேயே படுத்திருந்தான். அனுமதியில்லாமல் மாமன் வீட்டை விட்டுப் போனது நிபந்தனை மீறல்தான், ஆனாலும் முதல் மீறலைச் சிறு அபராதத்தோடு விட்டுவிடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சம்மன் மாமன் வீட்டுக்குப் போனது. ஆள் அங்கே இல்லை. மறு சம்மனும் அங்கேயே போனது. அடுத்து வாரண்டு. மேடம் தன் அறிக்கையில் காரணத்தை முழுக்க எழுதியிருந்தார். மாஜிஸ்ட்ரேட்டும் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார், சொன்ன முகவரியில் ஏன் இல்லை என்று. அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "அந்த அட்ரஸ் தம்பிக்குத் தேவைப்பட்டுச்சுங்கய்யா."

பழைய குற்றத்துக்கான தண்டனையை அன்று கொடுத்தார்கள். சில மாதங்கள்தான் என்று மேடம் அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார்.

ஆட்சேபணை

இப்போது தம்பி காலையில் ஐ.டி.ஐ. பஸ்ஸில் போகிறான். என் மேலதிகாரி அவனை வெற்றிக் கதையாக ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். மேடத்தின் மேலதிகாரி, கண்காணிப்பில் குறை என்று மேடத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார். ஒரே வீடு, எங்களுக்குப் பாராட்டு, அவர்களுக்கு மெமோ.

போன வாரம் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். பலகாரக் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார், கையில் மாவு காய்ந்திருந்தது. சிறையில் மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன், தம்பியைப் பற்றித்தான் கேட்கிறானாம். தம்பியோ, நானும் ஒரு தடவை வரட்டுமா என்று அழுகிறானாம். ஆனால் தம்பியின் நிபந்தனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கூட்டாளியோடு சேரக் கூடாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது சேருவதில் அடங்குமா என்று எனக்கே தெரியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்: "தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயி அண்ணன் மொகத்தப் பாக்குறதுக்கு ஒங்க ஆபீசுல கேக்கணுமா சார், அந்தம்மா ஆபீசுல கேக்கணுமா?"

இரண்டு ஆபீசிலும் கேட்டாகிவிட்டது. மற்ற ஆபீசுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் தமக்கும் ஆட்சேபணை இல்லை என்று இரண்டுமே எழுத்தில் பதில் தந்திருக்கின்றன.