பெயின்ட் வாளிக்கு ஒரு மண்டலம்

நான் ஐந்தாவது படித்தபோது, என் தங்கமீன்களுக்காக அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நியாயம் முழுக்க என் பக்கம்தான் என்று சத்தியமாக நம்பினேன்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் பழைய சிமென்ட் தொட்டி ஒன்று உண்டு. அதில் நான்கு மீன்கள் விட்டிருந்தோம். பத்தே நாளில் தண்ணீர் கீரை மசியலாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடையில் வடிகட்டியின் விலையைக் கேட்டதும் அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அவர் காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். மோட்டார் என்றால் பெரியதுதான் நல்லது என்பது அவர் கட்சி. படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டார். நான்கு மீன்களும் வாஷிங் மெஷின் துணிபோலச் சுழன்றன.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. எண்ணூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரே ஒரு பையோடும் வீங்கிய கன்னத்தோடும் அந்த வாரம்தான் வந்திருந்தாள். பல்வலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னாத்துக்குண்ணா இவ்ளோ வேகம்? மீனு இன்னா கடலுக்கா போவுது? கம்மியா கரண்டு தின்னுட்டு ராவும் பகலும் நிக்காம ஓடணும், அவ்ளோதான்."

உடைந்த ஏர்கூலரிலிருந்து குட்டி மோட்டாரைக் கழற்றினாள். பெயின்ட் வாளியின் அடியில் துளையிட்டு, செங்கல் ஜல்லியும் அதற்கு மேல் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சும் போட்டாள். மோட்டார் ஏற்றிய தண்ணீர் வாளி வழியாக வடிந்து தொட்டிக்கே திரும்பியது. ஸ்பாஞ்சில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடியேறி அழுக்கைத் தின்னுமாம். அதற்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் ஆகும், அதுவரை கழுவவே கூடாது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா அவளைக் கூட்டிப்போக இரண்டு பெரியவர்களோடு வந்தார். அப்பாவுக்கு மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச வராது. அத்தை வாசலுக்கு வராமல் உள்ளிருந்தே சொன்னாள்: "மண்டலம் இருந்துகினு கீறேன். முடிச்சிட்டுதான் வரமுடியும்."

மண்டலம் என்றதும் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை. பெயின்ட் வாளிக்கு என்று நாங்களும் சொல்லவில்லை. முடிந்ததும் தானே கொண்டுவந்து விடுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தால் மீறாத மனிதர் அவர்.

நான் காலண்டரில் நாள் எண்ணினேன். ஒருநாள் ஸ்பாஞ்சைத் தொடப் போனபோது அம்மா கையிலேயே ஒன்று வைத்தாள். "மெட்ரோ தண்ணில குளோரின் கீது, அது பட்டாலே பூச்சில்லாம் செத்துடும். அப்பறம் மொதல்லர்ந்து ஆரம்பிக்கணும்!"

நாற்பத்தைந்தாம் நாள் தொட்டியின் அடி தெரிந்தது. அத்தை மட்டும் ஏனோ அதை எட்டிப் பார்க்கவே இல்லை. அன்று பள்ளி விட்டு வந்தால், ஸ்பாஞ்ச் வெள்ளைவெளேரென்று கொடியில் தொங்குகிறது. லாரியில் வரும் மெட்ரோ தண்ணீரை ஒரு சொம்பு கூடுதலாகச் செலவழித்தால் வீட்டை இரண்டாக்கும் அம்மா, இரண்டு குடம் ஊற்றி அலசியிருந்தாள்.

"கலீஜா இருந்துச்சி, கழுவினேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

"உனுக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று கத்தி அழுதேன். அப்பாவும் கத்த வாயெடுத்தவர், அத்தையைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார். பிறகு மாமாவுக்குப் போன் போட்டார். "நடுவுல கெட்டுப்போச்சி மாப்ள. திரும்ப ஒண்ணுலர்ந்து இருக்கணும்." அத்தை அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் ஆய்ந்துகொண்டிருந்த மத்தி மீனில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மண்டலம் இன்னும் முடியவில்லை. அத்தை இன்றும் எங்களோடுதான் இருக்கிறாள்.

மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஸ்பாஞ்சை எடுப்பதற்கு முன்பே அம்மா தொட்டித் தண்ணீரை ஒரு டிரம்மில் மொண்டு, நான்கையும் அதில் பத்திரமாக விட்டிருந்தாள். ஒன்றும் தெரியாதவள் அதை எப்படிச் செய்திருப்பாள் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.